சித்திக்கு வீணை தெரியாது

‘புரொஃபிஷியன்ட்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கோலாலம்பூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதனால் அந்தச் சொல்லிடமிருந்து எனக்குத் தப்பிக்க வழியில்லை. நேர்காணலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எதிலாவது புரொஃபிஷியன்ட்டாக இருக்கிறார்கள். சிலர் ‘ஹைலி’ புரொஃபிஷியன்ட். எதிரே உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருக்கும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. என் கோபமெல்லாம் பெரியப்பாமேல்தான்.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அரசாங்க இலாகா ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். மனிதர்களிடம் இருக்கும் திறமைகளை ஆங்கிலத்தில் எடை போட்டுச் சொல்வதுதான் அவருடைய பொழுதுபோக்கு. ஒன்றைக் கொஞ்சமாகத் தெரிந்தவர் ‘கான்வர்சன்ட்’. நன்றாகத் தெரிந்தவர் ‘வெல் வெர்ஸ்ட்’. அதற்கு மேலே புரொஃபிஷியன்ட். எல்லாவற்றுக்கும் உச்சியில் ‘அக்கம்ப்ளிஷ்ட்’ என்று ஒரு சிம்மாசனம் உண்டு. அதில் அவர் யாரையும் சுலபத்தில் உட்கார வைக்க மாட்டார். ரொட்டி சானாய் வீசுகிற கடைக்காரரை ‘ரிமார்க்கபிலி டெக்ஸ்டரஸ்’ என்று பாராட்டுவார். அந்த மனிதர் ஏதோ குறை சொல்கிறார் என்று பயந்து இன்னொரு கிண்ணம் பருப்புக் குழம்பு கொண்டுவந்து வைப்பார். என் அப்பாவை அவர் ‘எ மேன் ஆஃப் ஃபியூ வேர்ட்ஸ்’ என்பார். அண்ணன் இருக்கும் இடத்தில் அப்பாவுக்கு வாயைத் திறக்க இடம் கிடைத்ததே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

நாங்கள் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். அவர்களுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். சித்திக்கு என்று தனி அறை இல்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தையை விரித்துப் படுப்பாள். தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு ஃபேக்டரியில் அவளுக்கு வேலை. விடிவதற்கு முன்னால் ஃபேக்டரி பஸ் வந்து முச்சந்தியில் ஹார்ன் அடிக்கும்.

சித்தி கோல் கீப்பர்.

இதை நான் ஒரு தனி வரியாகச் சொல்வதற்குக் காரணம், எங்கள் வீட்டில் யாரும் இதை ஒரு வரியாகக்கூடச் சொன்னதில்லை என்பதுதான். அந்த ஃபேக்டரிப் பெண்களின் ஃபுட்சால் என்கிற உள்ளரங்கக் கால்பந்துக் குழுவுக்கு அவள்தான் காவல். குழுவில் மலாய்க்காரப் பெண்கள்தான் அதிகம். நேப்பாளத்திலிருந்து வந்த இரண்டொருவரும் இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் கையுறை செய்கிற ஃபேக்டரி, அவளுக்கு ஒரு ஜோடி கோல் கீப்பர் கையுறை வாங்கித் தரவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பேரம் பேசி அவளே வாங்கிக்கொண்டாள்.

அவள் விளையாடுவதை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. அப்போது எனக்குப் பத்து வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், தகரக் கூரை போட்ட ஃபுட்சால் கூடம், பக்கத்து ஃபேக்டரியோடு இறுதி ஆட்டம். கூரை சூடு தலையில் இறங்கியது. அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் சித்தி மெதுவாக நடப்பாள். கூப்பிட்டால் உடனே வர மாட்டாள். அம்மா அவளைச் சோம்பேறி என்பாள். கூடத்தில் இருந்தவள் வேறு ஆள். கோலுக்கு முன்னால் முழங்காலை மடக்கி நின்றுகொண்டு தன் குழுப் பெண்களை மூன்று மொழிகளில் திட்டினாள். பந்து யார் காலில் இருக்கிறது என்பதைவிட அடுத்து யாருக்குப் போகும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. பந்து போய்ச் சேரும் முன்னால் அவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

ஆட்டம் முடியும் நேரத்தில் எதிர்க்குழுவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உயரமான ஒரு பெண் அடிக்க வந்தாள். கூடமே அடங்கிப் போனது. சித்தி கையை விரித்து, “வா லா, வா” என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியை அழைப்பதுபோல. அடுத்த கணம் அவள் தரையில் கிடந்தாள். பந்து அவள் வலது கையில் பட்டுத் திரும்பி மறுபடியும் அந்தப் பெண்ணின் காலை நோக்கி உருண்டது. சித்தி படுத்தபடியே பாய்ந்து அதை வயிற்றுக்கு அடியில் அமுக்கிக்கொண்டாள். கூடத்தின் கத்தலில் அப்பாவும் கத்தினார். அப்பா கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எழுந்தபோது அவளுடைய சுண்டுவிரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. ஃபேக்டரியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப்பை யாரோ கொடுத்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள். கோப்பையும் கிடைத்தது. விரல் சரியாகச் சேரவில்லை. அன்றிலிருந்து அது வளைந்தேதான் இருக்கிறது.

சில மாதம் கழித்து காஜாங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. அவருடைய அம்மா பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், ஆங்கிலம் போதித்தவர். இந்த ஒரு தகவல் போதுமானதாக இருந்தது. பெரியப்பா அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பொண்ணை நாமதான் நல்லபடியா எடுத்துச் சொல்லணும். அந்தம்மா இங்கிலீஷ் டீச்சர். சும்மா ஏனோதானோன்னு பேசினா எடுபடாது” என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு சித்தியைப் பார்த்து, “நீ வாயே திறக்க வேணாம். ஐ வில் டூ த டாக்கிங்” என்றார்.

சித்திக்கு முப்பது தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் வந்த இரண்டு மூன்று சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுவிட்டன. அவள் சரி என்று தலையாட்டினாள்.

எங்கள் ஹாலில் ஒத்திகை நடந்தது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு சொற்களைத் தேடுவார். கிடைத்ததும் சுவரைப் பார்த்து உரக்கச் சொல்வார். சித்திக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். அம்மா தயங்கி, மீ நல்லா கலக்குவா என்றாள். பாக்கெட் மீயில், அதாவது நூடுல்ஸில், முட்டை உடைத்து ஊற்றுவதுதான் சித்தியின் ஒரே சமையல். பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். “ஷீ இஸ் அக்கம்ப்ளிஷ்ட் இன் த கலினரி ஆர்ட்ஸ்” என்றார். நாற்பது வருடம் உத்தியோகம் பார்த்த காலத்தில் தன் மேலதிகாரிக்கே கொடுக்காத சிம்மாசனத்தை ஒரு பாக்கெட் மீக்குக் கொடுத்துவிட்டார். என் பள்ளிச் சட்டைக்கு அவள் பொத்தான் தைப்பது ‘நீடில்வொர்க்’ ஆனது. என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்வது ‘வொண்டர்ஃபுல் வித் சில்ட்ரன்’ ஆனது. அந்த சில்ட்ரன் நான் ஒருத்திதான்.

நான் பொறுமையாகக் காத்திருந்தேன். கடைசியில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“பெரியப்பா, சித்தி கோல் கீப்பர். அதையும் சொல்லுங்க” என்றேன்.

அவர் என்னை ஏதோ பிழையான ஃபைலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அதெல்லாம் ஒரு ஸ்கில் இல்லம்மா. பொழுதுபோக்கு.”

“கோப்பை வாங்கியிருக்காங்க பெரியப்பா.”

அவர் மறுபடியும் கண்ணை மூடினார். இந்த முறை கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மனம் இறங்கி, “ஷீ கீப்ஸ் ஃபிட்” என்றார்.

விரல் உடைந்த பிறகும் டேப்பைச் சுற்றிக்கொண்டு நின்றவள், அவருடைய ஆங்கிலத்தில் மாலையில் பூங்காவில் கைவீசி நடக்கிற பெண்ணாகிவிட்டாள். சித்தி ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் புதுப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புடவையை அவள் கிள்ளான் கடைத்தெருவில் தன் சம்பளத்தில் தானே எடுத்திருந்தாள். இரண்டு நாளாக ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டும் இருந்தாள். அதையெல்லாம் நான் பார்த்தேன். ஆனால் பொருட்டாக நினைக்கவில்லை.

பெண் பார்க்க வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பையைக் காணோம். தொலைக்காட்சிக்கு மேலே இருந்ததை அம்மா துணி துவைக்கும் மெஷினுக்குள் வைத்து மூடியிருந்தாள். அதை நான் கண்டுபிடித்துக் கேட்டபோது, இன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இரு என்றாள். அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோருக்கும் அதே கட்டளைதான்.

அவர்கள் மூன்று பேராக வந்தார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அந்த அம்மாளைப் பார்த்தவுடனே வெறுத்துவிட வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். ஆனால் அவர் என் கன்னத்தைத் தட்டி, எந்த ஸ்கூல், என்ன வகுப்பு என்று அன்பாகக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை ஒல்லியாக, கண்ணாடி போட்டு, நல்லவர் மாதிரிதான் இருந்தார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து கால் விரலால் கம்பளத்தின் நூலை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா தொடங்கினார். கலினரி ஆர்ட்ஸ் வந்தது, நீடில்வொர்க் வந்தது, சில்ட்ரன் வந்தபோது என்னைக் கைகாட்டினார். அந்த அம்மாள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சமயம் பெரியப்பா தவறாகச் சொன்ன ஒரு சொல்லைத் தன் பதிலில் சரியாக உச்சரித்தார். பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை. அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி தேநீர்த் தட்டோடு வந்தாள். தேநீரை நீட்டியபோது அந்த அம்மாளின் கண் அவளுடைய வளைந்த விரலில் நின்றது.

“விரலுக்கு என்னம்மா?”

சித்தி வாயைத் திறக்கும் முன்னால் பெரியப்பா திறந்துவிட்டார். “வீணை” என்றார். “இயர்ஸ் ஆஃப் டெடிகேட்டட் பிராக்டிஸ். ஷீ இஸ் ஹைலி புரொஃபிஷியன்ட்.”

இது ஒத்திகையில் இல்லாதது. அம்மாவின் கை முந்தானையில் நின்றுவிட்டது. அப்பா இருமினார். எங்கள் வம்சத்திலேயே வீணையைத் தொட்டவர் யாரும் கிடையாது. அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. “அப்படியா! ஒண்ணு வாசிச்சுக் காட்டலாமே, கேட்டு எவ்வளவு நாளாச்சு” என்றார். வீணை பிரிக்பீல்ட்ஸில் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறது என்று பெரியப்பா கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்.

நான் அந்த விரலைப் பார்த்தேன். தகரக் கூரையும் டேப்பும் அவள் வயிற்றுக்கு அடியில் அடங்கிய பந்தும் அப்பாவின் கத்தலும் எல்லாம் அந்த விரலில்தான் இருந்தன. அதைப் பிடுங்கி இல்லாத ஒரு வீணைக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்றேன். ஆங்கிலத்தில் சொன்னால்தான் அங்கே எடுபடும் என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

“மை சித்தி இஸ் ஹைலி புரொஃபிஷியன்ட் இன் கோல் கீப்பிங்!” என்று கத்தினேன். “ஷீ இஸ் அக்கம்ப்ளிஷ்ட்! பெனால்டி பிடிச்சப்ப உடைஞ்சது!”

மாப்பிள்ளை மட்டும் தலை நிமிர்ந்து சிரித்தார். கேலி இல்லை, நல்ல சிரிப்பு. வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சித்தியை நேராகப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். பெரியப்பா, “சைல்ட் இஸ் இமாஜினேட்டிவ்” என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். வகுப்பை அடக்கிப் பழகிய கை. சித்தியிடம் திரும்பி, “நீ சொல்லும்மா. உனக்கு என்ன தெரியும்?” என்று தமிழில் கேட்டார். அந்தச் சம்பந்தம் தொடங்கியதிலிருந்து யாருமே சித்தியிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

“பந்து பிடிப்பேன் ஆன்டி” என்றாள் சித்தி. குரல் தெளிவாக இருந்தது. “ஃபேக்டரி டீம்ல. வீணை தெரியாது. சமையல் சுமார்தான்.”

“சமையல் கத்துக்கலாம். நானே கல்யாணத்துக்கு அப்புறம்தான் கத்துக்கிட்டேன்.” அந்த அம்மாள் தேநீரை ஒரு வாய் குடித்தார். “விளையாடறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்கூல்ல நானே பிள்ளைங்கள விளையாட அனுப்புனவதான். ஆனா கல்யாணம்னு ஆயிட்டா நம்ம வீட்டுக்கு அது சரிப்படாது. டிராக்சூட்டு போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னால விழுந்து எழுந்திருக்கிறது... அதை மட்டும் விட்டுடணும். என்ன சொல்றே?”

“நிச்சயமா, நிச்சயமா” என்றார் பெரியப்பா.

சித்தி தட்டைப் பிடித்தபடி மாப்பிள்ளையைப் பார்த்தாள். சாதாரணமாகப் பார்க்கவில்லை, காத்துக்கொண்டு நின்றாள். அவர் அதைக் கவனித்தார். கம்பளத்து நூல் கால் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. தன் அம்மாவைப் பார்த்தார், மறுபடியும் சித்தியைப் பார்த்தார்.

“அம்மா எப்படிச் சொல்றாங்களோ அப்படி” என்றார்.

சித்தி இன்னும் ஒரு கணம் நின்றாள். பிறகு தட்டை மேசையில் வைத்தாள். “கறிபஃப் எடுத்துக்குங்க ஆன்டி. நான் செஞ்சது இல்ல, கடையில வாங்கினது, நல்லா இருக்கும்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எனக்கு இது சரியா வராது. மன்னிச்சுக்குங்க” என்றாள்.

எனக்குள் அந்தக் கூடமே எழுந்து நின்று கத்தியது. சித்தி பந்துக்காகக் கல்யாணத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். பல வருடங்களுக்கு அப்படித்தான் நினைத்தேன்; பள்ளிக்கூடத்திலும் பிறகு கல்லூரியிலும் தோழிகளிடம் இதை ஒரு வீரக் கதையாகவே சொல்லியிருக்கிறேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு ஒரு நாள், நெடுஞ்சாலை நெரிசலில் கார் நகராமல் நின்றபோது, அதே கதையை அவளிடமே சொன்னேன். “பந்துக்காகவா?” என்று கேட்டுச் சிரித்தாள். “நீ கத்தினப்ப அவரு சிரிச்சாருல்ல, அதைப் பார்த்தப்பவே பந்தை விட்டுடலாம்னு நினைச்சுட்டேன். ஒரு வார்த்தை. அவ விளையாடட்டும்மான்னு வாய்வார்த்தைக்காவது சொல்லியிருந்தா போதும், நானே விட்டிருப்பேன்.” பிறகு முன்னால் நின்ற லோரியைக் காட்டி, நகருது பார் என்றாள்.

அவர்கள் மரியாதையாகவே கிளம்பினார்கள். போர்ச் வரைக்கும் போய் வழியனுப்பினோம். அந்த அம்மாள் சித்தியின் கையைப் பிடித்து, அந்த விரலை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார். கார் முச்சந்தியில் திரும்பியதும் பெரியப்பா என் பக்கம் திரும்பினார். என்னை அவர் ஆங்கிலத்தில் எடை போட்டது அதுதான் முதல் தடவை. “இன்கரிஜிபிள்”, திருத்தவே முடியாதவள், என்றார். வீணையைக் கண்டுபிடித்தவருக்கு ஒன்றுமில்லை. கெட்ட பெயர் எனக்கு. அம்மா என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். அப்பா மெஷினைத் திறந்து கோப்பையை எடுத்துத் துடைத்தார். அதைத் தொலைக்காட்சிமேல் வைத்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோரும் எனக்கு எதிரி என்றானதும் நான் குசினிக்குப் போனேன். சித்தி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் கட்டிப்பிடிப்பாள், நீ ஒருத்திதான்டி என் கட்சி என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துடைக்கிற துணியை என்னிடம் வீசினாள். நான் ஒவ்வொரு கோப்பையாகத் துடைத்தேன்.

“சித்தி, பெரியப்பாமேல உனக்குக் கோவமே வரலையா?”

“அவரு மேலயா? எதுக்கு?”

“அவ்வளவு பொய் சொன்னாரு.”

அவள் கடைசிக் கோப்பையை ரொம்ப நேரம் கழுவினாள். “இப்ப அந்த ஹால்ல எனக்காக வாயைத் திறந்தது ரெண்டே பேருதான். நீ ஒண்ணு, உங்க பெரியப்பா ஒண்ணு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையைச் சொன்ன என்னையும் பொய்யைச் சொன்ன அவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டாளே! துணியை வீசி எறிந்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் கலக்கிக் கொண்டுவந்த மீயைக்கூடத் தொடவில்லை.

பேசியவர்கள் யார் யார் என்றுதான் அவள் சொன்னாள். பேசாமல் இருந்தவர்களைப் பற்றி அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.